தலைகீழாக வந்த நூற்றிருபது பாட்டில்கள்

1. நான் செய்த நல்ல காரியம்

நூற்றிருபது பாட்டில் ஒயினை ஒரே மதியத்தில் கெடுத்தவன் நான். ஒரு பாட்டில் உடையவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை. அவ்வளவு கவனமாகக் கெடுத்தேன்.

ராஸ் அல் கைமாவில் ஹோட்டல்களுக்கு ஒயின் சப்ளை செய்யும் லைசென்ஸ் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாக ஸ்டோர் இன்சார்ஜாக இருக்கிறேன். பெயர் சண்முகவேல், ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். இத்தனை வருடத்தில் ஒரு வாய் குடித்ததில்லை. குடும்பத்தோடு ஷார்ஜா முவைலாவில் இருக்கிறேன். எங்கள் பில்டிங்கில் யாராவது கேட்டால் என் மனைவி செல்வி, "அவுக பழரசக் கம்பெனில இருக்காக" என்பாள். திராட்சையும் பழம்தானே, அதில் பொய் ஒன்றும் இல்லை என்பது அவள் கட்சி.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது டெம்பரேச்சர் எவ்வளவு, ஸ்டாக்கை எப்படி அடுக்குவது என்றுதான். அதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். வராத ஒன்று உண்டு. அதை நான் கற்றுக்கொள்ள ஒரு மண்டலம் ஆயிற்று. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஷிப்மென்ட் கார்த்திகை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஏர் கார்கோவில் வந்தது. பிரான்ஸில் ஐந்து தலைமுறையாகப் பொங்கும் ஒயின் செய்கிற ஒரு குடும்பத்தின் சரக்கு. பத்துப் பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு. பிரித்துப் பார்த்தேன். எல்லா பாட்டிலும் தலைகீழாக, மூடி கீழே, அடிப்பாகம் மேலே. லேபிளும் கிடையாது, கார்க்கும் கிடையாது. சோடா பாட்டில் மூடி மாதிரி ஒரு தகர மூடி. பெட்டியின் மேல் அம்புக்குறி மட்டும் கீழ்நோக்கிப் போட்டிருந்தது.

என் தொழிலில் கீழ்நோக்கிய அம்புக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. எவனோ பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டான். பேக்கிங் செய்தவனே அலட்சியமாக இருந்திருக்கிறான் என்று எனக்குக் கோபம் வந்தது. ஐந்து தலைமுறையாகச் செய்கிறார்களாம், பாட்டிலை நேராக வைக்கத் தெரியவில்லை!

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முத்துப்பாண்டியைக் கூப்பிட்டேன். முதுகுளத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், சொன்னதைச் செய்வார், ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் செய்வார்.

"எல்லாத்தையும் நிமித்தி வைக்கணும்யா. மெதுவா."

"அண்ணே, பத்துப் பெட்டியும் ஒண்ணு போல கவுந்திருக்கே. வேணும்னு வச்சிருப்பாகளோ?"

"வேணும்னு எவன்யா கவுத்து வைப்பான்? யல்லா, புடி."

கேட்டார். நன்றாகத்தான் கேட்டார். நான்தான் காதில் வாங்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரத்தில் நூற்றிருபதையும் நிமிர்த்தி, குளிர் அறையில் பட்டாளத்தைப் போல வரிசை கட்டிவிட்டோம். திருப்புவதற்கு முன் ஒரு போட்டோ, பின் ஒரு போட்டோ எடுத்தேன். இரண்டாவதை மட்டும் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே ஒரு கட்டைவிரல் படமும் போட்டேன். இன்று நினைத்தாலும் அந்தக் கட்டைவிரலை வெட்டிவிடலாம் போல இருக்கிறது.

2. போன்

எங்கள் மேனேஜர் குகதாசன் சார் யாழ்ப்பாணத்துக்காரர். விற்பனையில் கெட்டிக்காரர். குளிர் அறைக்குள் வந்தால் தடுமன் பிடிக்கும் என்று கண்ணாடி வழியாகவே ஸ்டாக் பார்ப்பார். என் போட்டோவை அவர் சந்தோஷமாக அந்த பிரெஞ்சுக் குடும்பத்துக்கு அப்படியே அனுப்பிவிட்டார், "பத்திரமாக வந்து சேர்ந்தது" என்று.

பத்து நிமிடம் கழித்து ஓடி வந்தார். தடுமன் பயம் எல்லாம் எங்கோ போய்விட்டது.

"சண்முகவேல், உமக்கென்ன விசரே? ஆர் உதுகளை நிமித்தினது?"

"கவுந்து இருந்துச்சு சார்."

"கவுந்துதான் இருக்க வேணுமாம்! அவ போனிலை அழுறா!"

போனில் இருந்தது எலேன் மேடம். அந்தக் குடும்பத்தின் ஐந்தாவது தலைமுறை, முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்பீக்கரில் போட்டார். அழுகையை முடித்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஆங்கிலத்தில் எனக்கு விளக்கினார். ஒயினை பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு மூடிவிடுவார்கள். அது பாட்டிலுக்குள்ளேயே இன்னொரு முறை புளிக்கும். வெளியே போக வழி இல்லாத காற்று ஒயினுக்குள்ளேயே தங்கும். அதுதான் நுரை. வேலை முடிந்த ஈஸ்ட் செத்து வண்டலாகக் கிடக்கும். அந்த வண்டலை எடுக்க வேண்டுமே? அதற்காக பாட்டிலைப் பலகையில் சாய்த்து வைத்து, தினமும் கொஞ்சம் திருப்பி, தினமும் கொஞ்சம் கவிழ்த்து, வாரக்கணக்கில் பாடுபட்டு வண்டல் முழுவதையும் மூடிக்குக் கொண்டு வருவார்கள். கடைசியில் மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்றே வண்டலை வெளியே தள்ளிவிடும். கண்ணாடி போல ஒயின் மிஞ்சும்.

"அந்தக் கடைசி வேலையை நீங்கள் சப்ளை செய்யும் ஹோட்டலில், டிசம்பர் விருந்தில், விருந்தினர் முன்னால் நான் செய்வதாக இருந்தது" என்றார். "இந்த நூற்றிருபதையும் தினமும் திருப்பியது நான். என் கையால்."

குளிர் அறை விளக்கில் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே மோர் போலக் கலங்கி இருந்தது.

3. இரண்டாவது போட்டோ, முதல் போட்டோ

குகதாசன் சார் போனை மியூட்டில் போட்டார். கதவைச் சாத்தினார்.

"இஞ்ச பாரும். எயார்போட்டிலை திருப்பிப் போட்டாங்கள் எண்டு சொல்லுவம். நாங்கள் அனுப்பின படத்திலை போத்தல் நேராத்தானே நிக்குது. இப்பிடித்தான் வந்தது எண்டால் ஆருக்குத் தெரியும்? டேமேஜ் எண்டு எழுதி ஊத்திப் போடலாம். உமக்கும் கரைச்சல் இல்லை, எனக்கும் கரைச்சல் இல்லை."

"இல்லாட்டி சார்?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஹெட் ஆபிஸ் எக்ஸ்பிளனேஷன் கேக்கும். அந்த ஹோட்டல்காரர் பெரிய கஸ்டமர். உம்மை கான்சல் பண்ணினாலும் நான் தடுக்கேலாது."

என் மகள் நிலா பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பொதுத்தேர்வு. என் விசாவில்தான் அவளும் செல்வியும் இருக்கிறார்கள். விசா கேன்சலானால் பரீட்சைக்கு முன்னால் மூட்டை கட்ட வேண்டும். சார் சொன்ன வழி நல்ல வழியாகத்தான் தெரிந்தது. ஏர்போர்ட் என்ன, அதற்கு மகள் இருக்கிறாளா, பரீட்சை இருக்கிறதா?

பக்கத்தில் நின்ற முத்துப்பாண்டி மெதுவாக என் காதில் சொன்னார். "அண்ணே, நான்தான் நிமித்துனேன்னு சொல்லிருங்க. நான் ஒத்தக்கட்டை. என்னைய அனுப்புனா ஊர்ல போயி ஆடு மேய்ப்பேன்."

கேள்வி கேட்ட மனுஷன் அவர். கேட்காத நான் தப்பிக்க, கேட்டவர் ஆடு மேய்க்கப் போவதா? அதோடு இன்னொன்றும் இருந்தது. டேமேஜ் சரக்கை அழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதிகாரி முன்னால் ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் ஊற்ற வேண்டும். கையெழுத்துப் போடுவது நான்தான். அந்தப் பெண் தினமும் திருப்பியதை நான் நின்று ஊற்ற வேண்டும்.

போனை அன்மியூட் செய்தேன். குகதாசன் சார் தலையில் கை வைத்தார்.

"மேடம், ஏர்போர்ட் ஒன்றும் செய்யவில்லை. திருப்பியது நான். வந்தபோது எடுத்த போட்டோ என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன்."

அனுப்பினேன். படத்தைப் பார்த்துவிட்டு மேடம் கேட்டார்.

"எத்தனை உடைந்தது?"

"ஒன்றும் உடையவில்லை மேடம்."

"நூற்றிருபதையும் கையால் திருப்பி ஒன்றுகூட உடையவில்லையா?" பெருமூச்சு விட்டார். "சரி. விருந்துக்கு இன்னும் நாற்பத்து மூன்று நாள் இருக்கிறது. ஒரு வாரம் படுக்க வையுங்கள். அப்புறம் முதலில் இருந்து திருப்ப வேண்டும். திருப்பியவர் மட்டும்தான் தொட வேண்டும். வேறு ஒரு கை படக் கூடாது."

குகதாசன் சார் ஹெட் ஆபிஸுக்கு மெயில் போட்டார். பதில் மறுநாள் வந்தது. விருந்தன்று ஒயின் தெளிவாக இருந்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் என் கேன்சலேஷன் பேப்பர் ரெடி.

4. பலகை

கார்த்திகை ஒன்றாம் தேதி வழக்கம்போல ஐயப்பனுக்கு மாலை போட்டேன். மது கிடங்கில் வேலை செய்துகொண்டு மாலை போடலாமா என்று எங்கள் குருசாமியை முதல் வருடமே கேட்டிருக்கிறேன். அவர் ஒரு செராமிக்ஸ் கம்பெனியில் அக்கவுண்டன்ட். "டியூட்டி டியூட்டிதான் சாமி. வாய்க்குள்ள போனாத்தான் கணக்கு" என்று தீர்ப்பு சொன்னார். சேஃப்டி ஷூவுக்கும் அப்போதே விலக்கு வாங்கிக்கொண்டேன். அந்த வருடம் டிசம்பர் நடுவில் குழுவோடு மலைக்குப் போக டிக்கெட் போட்டிருந்தேன். அதைக் கேன்சல் செய்து, லீவை ஜனவரிக்குத் தள்ளினேன். குழு நான் இல்லாமல் கிளம்பியது. வருத்தமாகத்தான் இருந்தது.

பாட்டிலைச் சாய்க்க மேடம் சொன்ன பலகை கடையில் கிடைக்காது. இரண்டு பலகையை ஏணி போலச் சாய்த்து நிறுத்தி, வரிசையாகத் துளை போட்டு, துளையில் பாட்டில் கழுத்தைச் செருக வேண்டும். முத்துப்பாண்டி வளைகுடாவுக்கு முதலில் வந்ததே ஷட்டரிங் கார்பெண்டராகத்தான். சரக்கு அடுக்கும் மரப் பாலட்களில் உடைந்தவற்றைப் பிரித்து, துபாய் சத்வாவில் தெரிந்த ஒரு கடையில் துளை போடும் பிளேடு வாங்கி வந்து, இரண்டு நாளில் நான்கு பலகை அடித்துவிட்டார்.

முதல் பலகையில் துளை ஒரு நூல் பெரிதாகிவிட்டது. சோதனைக்கு வைத்த முதல் பாட்டில் நழுவித் தரையில் விழுந்தது. சத்தம் என்றால் சத்தம், குவாரியில் வெடி வைத்தது போல. செக்யூரிட்டி ஓடி வந்தார். குகதாசன் சார் மேசைக்கு அடியில் இருந்து எழுந்து வந்தார். முத்துப்பாண்டி முகமெல்லாம் நுரையோடு, "அண்ணே, வாயத் தொறக்கல. வாய்க்குள்ள போகல" என்று சத்தியம் செய்தார். அவரும் மாலை போட்டிருந்தார்.

நூற்றிருபது, நூற்றுப் பத்தொன்பது ஆனது.

5. ஒன்றரை மணி தூரம்

ஒவ்வொரு பாட்டிலின் அடிப்பாகத்திலும் வெள்ளைக் கோடு ஒன்று போடச் சொன்னார் மேடம். எவ்வளவு திருப்பினோம் என்பதற்கு அதுதான் அடையாளம். சாக்பீஸைக் குழைத்துப் போட்டேன். "எல்லாத்துக்கும் பட்டை போட்டாச்சு. இனி இருமுடி கட்டுனா சரி" என்றார் முத்துப்பாண்டி.

தினமும் காலையில் திருப்ப வேண்டும். கடிகாரத்தின் சின்ன முள் ஒன்றரை மணி நேரத்தில் நகர்கிற தூரம், அவ்வளவுதான். இரண்டு கையிலும் இரண்டு பாட்டில், சின்னதாக ஓர் உலுக்கல், திருப்பு, விடு. நாள் ஆக ஆக துளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கவிழ்த்து, கடைசியில் முழுசாகத் தலைகீழாகக் கொண்டுவர வேண்டும். மேடம் வீடியோவில் செய்து காட்டினார். நூறு பாட்டிலை நான்கு நிமிடத்தில் முடித்தார். எனக்கு முதல் நாள் ஒரு மணி நேரம் ஆயிற்று. மணிக்கட்டு இட்லி போல வீங்கியது.

"ஸ்வாமி, நீங்கள் பாட்டிலைத் திருப்பவில்லை. ஸ்க்ரூவை முடுக்குகிறீர்கள்" என்பார். என்னை எல்லாரும் சாமி என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரும் பிடித்துக்கொண்டார். என்னைவிடப் பதினேழு வயது சின்னவரிடம் தினமும் திட்டு வாங்கினேன். தப்பு செய்தவனுக்கு வயதைப் பற்றி என்ன பேச்சு?

அதிர்வு ஆகாது என்று அந்த வரிசைப் பக்கம் ஃபோர்க்லிஃப்டையே தடை செய்தேன். முத்துப்பாண்டி ஒவ்வொரு பாலட்டுக்கும் கிடங்கையே சுற்றி வந்தார். "மலைக்குப் போகாட்டியும் பிரதட்சணம் ஆயிருச்சுண்ணே" என்பார்.

வீட்டில் நிலைமை வேறு. கைக்குப் பழகிவிட்டது. எண்ணெய் பாட்டில், ஷாம்பூ பாட்டில், நிலாவின் தண்ணீர் பாட்டில், எதைக் கடந்து போனாலும் கை தானாகத் திருப்பியது.

"அப்பா, சீரியஸ்லி? என் ஹேர் ஆயிலை ஏன் ரொட்டேட் பண்றீங்க?" என்றாள் நிலா.

செல்வி ஒன்றும் கேட்கவில்லை. என் கேன்சலேஷன் விஷயம் அவளுக்குத் தெரியும். மகளிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். ஒரு நாள் காலை நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது மட்டும் கேட்டாள். "ஏங்க, அந்த வண்டல் எறங்குதா?"

இறங்கவில்லை. அதுதான் பிரச்சினை. இருபதாம் நாள் வரை வண்டல் பாட்டிலின் பக்கத்தில் கோந்து போட்டு ஒட்டியது போல ஒரே கோடாகப் பிடித்துக்கொண்டு நின்றது. டார்ச் அடித்துப் பார்ப்பேன், நிற்கும். மறுநாள் பார்ப்பேன், நிற்கும். நிமிர்த்தி வைத்த அன்று ஒன்றரை மணி நேரத்தில் அடிக்குப் போனதை மூடிப் பக்கம் கொண்டுவர முடியவில்லை. ஒரு நாள் பலகைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உண்மையாகச் சொல்கிறேன், அழுகை வந்தது. பன்னிரண்டு டிகிரி குளிரில் அழுதால் கன்னம் எரியும்.

மேடத்துக்கு போன் செய்தேன். அவர் திட்டவில்லை. "பயப்படாதீர்கள். எங்களுக்கும் சில வருடம் இப்படி ஆகும். ரப்பர் சுத்தியலால் அடிப்பாகத்தில் தட்டுங்கள். கதவைத் தட்டுவது போல இல்லை. தூங்குகிற குழந்தையைத் தட்டுவது போல" என்றார்.

தட்டினேன். நூற்றுப் பத்தொன்பது முறை. மூன்றாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கோடு பாதியில் அறுந்திருந்தது. ஒரு முனை புகை போலக் கழுத்துப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. "எறங்குது!" என்று நான் போட்ட சத்தத்தில் முத்துப்பாண்டி ஃபோர்க்லிஃப்டைத் தடை செய்த பாதையிலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

6. பிரஞ்ச்

விருந்து டிசம்பர் கடைசி சனிக்கிழமை, கடற்கரை ஹோட்டலில். இங்கே பிரஞ்ச் என்பார்கள். காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி, சாயங்காலம் வரை சாப்பிடுவது.

பாட்டில்களைத் தலைகீழாகவே பெட்டியில் வைத்து, குளிர் வேனில் நானே கூட ஏறிக்கொண்டேன். டிரைவர் பெஷாவர்க்காரர். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் "பாய், ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா" என்று மெதுவாகப் போகச் சொன்னேன். ஏழாவது ஸ்பீட் பிரேக்கரில் வண்டியை நிறுத்தி, "பாய், பின்னால் சரக்கா, கல்யாணப் பெண்ணா?" என்று இந்தியில் கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

ஹோட்டல் பின்வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்க உள்ளே போனேன். இரண்டு நிமிடம் இருக்கும். திரும்பி வந்தால் விருந்து ஹால் சூப்பர்வைசர் ஒருவர் முதல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையை ஆட்டியபடி நிற்கிறார். அயர்ன் செய்த சட்டை, நேர் வகிடு. யாரோ கவிழ்த்து வைத்துவிட்டார்களே என்று அவர் முகத்தில் அப்படியொரு அக்கறை. ஒரு பாட்டிலின் கழுத்தைப் பிடித்துவிட்டார்.

பத்தொன்பது வருடத்தில் நான் கிடங்கில் ஓடியதில்லை. அன்று ஓடினேன். எந்த மொழி என்று தெரியாமல், "மாஃபி! மாஃபி! ஹாத் மத் லகாவ்! தொடாதய்யா!" என்று கத்திக்கொண்டே போய் பெட்டியின் மேல் கவிழ்ந்து விழுந்தேன். மனுஷன் வெலவெலத்துப் போய், கையை எடுத்துவிட்டு, "ஐ வாஸ் ஒன்லி ஹெல்பிங்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. நான் செய்ததும் ஹெல்ப்தான். அவரை உட்கார வைத்து, முதலில் இருந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த நேரத்தில் எலேன் மேடம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

நேரில் மேடம் குள்ளமாக இருந்தார். கைகள் மட்டும் கொத்தனார் கைகள். வணக்கம்கூடச் சொல்லாமல் டார்ச்சை எடுத்தார். நூற்றுப் பத்தொன்பதையும் ஒவ்வொன்றாக, கவிழ்ந்த வாக்கிலேயே தூக்கி, வெளிச்சத்தில் பார்த்து வலது பக்கமோ இடது பக்கமோ வைத்தார். வலது நல்லது, இடது கலங்கல் என்று சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது. குகதாசன் சார் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். முடித்தபோது இடது பக்கம் ஆறு.

"ஆறு" என்றார் மேடம். பிறகு, "என் முதல் வருடத்தில் நான் நூற்றுக்கு இருபதைக் கெடுத்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லாதீர்கள்" என்றார்.

விருந்தில் அவர் ஒரு தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார். முதல் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, சட்டென்று நிமிர்த்துகிற அதே நொடியில் கொக்கியால் மூடியைத் தட்டினார். டப் என்று ஒரு சத்தம். மூடியும் வண்டலும் முன்னால் வைத்திருந்த பீப்பாய்க்குள் பறந்தன. கட்டைவிரலால் வாயை அடைத்து, கொஞ்சம் ஒயின் சேர்த்து நிரப்பி, கிளாஸில் ஊற்றி ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார். கிளாஸுக்கு அந்தப் பக்கம் கடல் தெரிந்தது. ஒரு தூசி இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். நிலா பரீட்சை எழுதுவாள் என்பது மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது.

விரதத்துக்காக நான் கறுப்புச் சட்டை போட்டிருந்தேன். அங்கே பரிமாறுகிறவர்களுக்கும் கறுப்புச் சட்டைதான். அன்று நான்கு பேர் என்னிடம் காலி கிளாஸை நீட்டினார்கள். ஒரு அம்மா, இந்த ஒயின் எப்படி என்று கேட்டார். "தெரியாதுங்க மேடம், குடிச்சதில்லை. ஆனா தெளிவா இருக்கு, அதுக்கு நான் கேரண்டி" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு கிளாஸ் எடுத்துக்கொண்டு போனார்.

மேடம் எனக்கும் ஒரு கிளாஸ் கொண்டு வந்தார். மாலையைக் காட்டினேன். புரிந்துகொண்டு அதைத் தானே குடித்துவிட்டு, ஒரு நோட்டையும் பேனாவையும் நீட்டினார்.

"அந்த சூப்பர்வைசரிடம் சொன்னீர்களே, கடைசியாக ஒரு வரி. அதை உங்கள் மொழியில் இதில் எழுதுங்கள்."

எதற்கு என்று கேட்டேன். வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன்.

7. பிறகு

ஹெட் ஆபிஸில் இருந்து கடிதம் வந்தது. முதல் பாராவில் எனக்கு வார்னிங். இரண்டாவது பாராவில், அந்த ஹோட்டல் ஆர்டர் கொடுத்திருப்பதால் இனி அந்தக் குடும்பத்தின் சரக்கை நான் ஒருவன்தான் கையாள வேண்டும் என்று உத்தரவு. குகதாசன் சார் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "நான் சொன்ன மாதிரிச் செய்திருந்தால் இண்டைக்கு உந்த ஓடர் இல்லை. ஆனால் உதை ஆருக்கும் சொல்லிப் போடாதையும்" என்றார். சொல்லக் கூடாது என்றால் எழுதலாம்தானே.

ஜனவரியில் முத்துப்பாண்டியும் நானும் மலைக்குப் போய் வந்தோம். மார்ச்சில் நிலா பரீட்சை எழுதினாள். தேறினாள். அந்த நாற்பத்து மூன்று நாள் கதையை அதற்கப்புறம்தான் அவளிடம் சொன்னோம். என்னைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அதான் என் ஹேர் ஆயிலா?" என்றாள்.

அடுத்த கார்த்திகைக்கு அந்த வீட்டில் இருந்து அடுத்த ஷிப்மென்ட் வந்தது. பத்துப் பெட்டி. அம்பு கீழ்நோக்கி. அம்புக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி, அரபியில் ஒரு வரி அச்சடித்திருந்தது. அதற்கும் கீழே, பத்துப் பெட்டியிலும், என் கையெழுத்தை அப்படியே பிரதி எடுத்து அச்சுப் போட்டிருந்தார்கள். என் சுழியும் கோணலும் மாறாமல் அப்படியே இருந்தன. பிரான்ஸில் பெட்டி ஒட்டுகிறவருக்கோ ஏர்போர்ட்டில் ஏற்றி இறக்குகிறவருக்கோ அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த ஒருவனுக்காகவே அச்சடித்தது அது.

முத்துப்பாண்டி ஃபோர்க்லிஃப்டை விட்டு இறங்கி வந்து, எழுத்துக் கூட்டி, கிடங்கு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

"திருப்புவதற்கு முன் கேள்."

வாசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "அண்ணே, எறக்கவா?"

"எறக்கலாம். நீ என்ன நெனைக்கிற?" என்றேன்.